செஞ்சியும் பல அடுக்கு ஆட்சி ஆய்வுகளும்

செஞ்சி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டை நகரம். வட்டத் தலைநகராகவும் பேரூராட்சியாகவும் உள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட கோட்டையால் அறியப்படுகிறது. கோன் மரபினர், விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அதை ஆண்டனர்.

இவர்களில் பெரும்பாலோர் செஞ்சியைத் தனி அரசாக ஆளவில்லை. மேலே ஒரு பேரரசும் கீழே ஊர்களும் நாடுகளும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் செஞ்சி இருந்தது. ஆகவே உள்ளூர் அரசியலும் ஆட்சியும் பல அடுக்குகளில் எவ்வாறு இயங்குகின்றன என்பதை ஆராய ஏற்ற களமாக அது அமைகிறது. செஞ்சி பற்றியும் பழைய தென்னார்க்காடு மாவட்டம் பற்றியும் தரமான ஆய்வுகள் பல உள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டவை. கோட்டையை எழுதியவர்கள் ஊரைக் காணவில்லை. ஊரை எழுதியவர்கள் தாலுகா கச்சேரியை வாசலோடு விட்டனர். இரு அடுக்குகள் சந்திக்கும் இடமே இந்த ஆய்வுமரபின் பலவீனமான பகுதி. செஞ்சியின் வரலாற்றில் அதிகாரம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே கைமாறியிருக்கிறது.

தேசிங்கு ராஜன் வழக்கு

செஞ்சி என்றதும் தமிழ் மக்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் தேசிங்கு ராஜன். கதைப்பாடலிலும் தெருக்கூத்திலும் திரைப்படத்திலும் அவன் அடங்காக் குதிரையை அடக்கிய இளவீரன். ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு படையுடன் எதிர்த்து மடிந்தவன். வரலாற்றில் அவன் பெயர் தேஜ் சிங். அவன் தந்தை சொரூப் சிங் முகலாயர் செஞ்சியைக் கைப்பற்றிய பின் அங்கு அமர்த்தப்பட்ட புந்தேலா கிள்ளேதார், அதாவது கோட்டைத் தலைவர். 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுடன் நடந்த போரில் தேஜ் சிங் கொல்லப்பட்டான்.

போருக்குக் காரணமான சிக்கல் நிர்வாகம் சார்ந்தது. கோட்டையும் ஜாகீரும் பேரரசர் தம் தந்தைக்குக் கொடுத்தவை, ஆகவே அவை தமக்கு உரியவை என்பது தேஜ் சிங்கின் நிலை. தந்தை பெற்றது மகனுக்குத் தானாக வராது, புதிய ஆணை வேண்டும், நிலுவைத் தொகையும் செலுத்தப்பட வேண்டும் என்பது நவாபின் நிலை. செஞ்சி நேரே தில்லிக்குக் கட்டுப்பட்டதா, ஆர்க்காட்டின் வழியாகக் கட்டுப்பட்டதா என்பதே அடிப்படைக் கேள்வி. தில்லியின் பிடி தளர்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் விடை கிடைக்கவில்லை. போர்க்களத்தில் முடிவு செய்யப்பட்டது.

கதைப்பாடல் இதை வீரத்தின் கதையாக்கியது. அது அவ்வடிவத்தின் இயல்பு. ஆனால் வரலாற்று நூல்களும் பெரும்பாலும் இதை வீரமும் வீழ்ச்சியுமாகவே எழுதிக் கடந்துவிட்டன. இரண்டு அடுக்குகளுக்கு இடையே எழுந்த உரிமைச் சிக்கலாக இதை முழுமையாகப் படிக்கும்போது, பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழகத்துப் பாளையங்களிலும் ஜமீன்களிலும் மீண்டும் மீண்டும் எழுந்த பூசல்களின் முன்வடிவம் தெரிகிறது.

கோட்டை வரலாறுகள்

செஞ்சி பற்றிய முதன்மையான நவீன நூல் சி.எஸ். சீனிவாசாச்சாரி ஆங்கிலத்தில் எழுதி, 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த செஞ்சி வரலாறு. மெக்கன்சி சேகரிப்பில் உள்ள 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் தமிழ் நூல், ஏசு சபைக் கடிதங்கள், பாரசீக, மராத்திய ஆவணங்கள், பிரெஞ்சு, ஆங்கிலக் குறிப்புகள் ஆகியவற்றை அந்நூல் ஒன்றுசேர்த்தது. 1597இல் செஞ்சிக்கு வந்த பாதிரியார் நிக்கோலாஸ் பிமெண்டாவின் வருணனை முதல், 1761இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியது வரை ஒரு தொடர்ச்சியை உருவாக்கியது. இன்றும் செஞ்சியைப் பற்றி எழுதுபவர்கள் தொடங்கும் இடம் அதுவே.

அதன் எல்லையும் தெளிவானது. அது ஆட்சியாளர்களின் வரலாறு. முற்றுகைகள், வாரிசுப் போட்டிகள், உடன்படிக்கைகள் என்ற வரிசையில் செல்கிறது. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் ராஜாராமை எதிர்த்து நடத்திய முற்றுகை 1690 முதல் 1698 வரை நீண்டது. அத்தனை ஆண்டுகள் இரு படைகளும் எந்த ஊர்களின் நெல்லைத் தின்றன, வரியை யார் யாருக்குச் செலுத்தினார், ஒரே ஊரிடம் இரு தரப்பும் வரி கேட்டபோது ஊர்த்தலைவர்கள் என்ன செய்தனர் என்னும் கேள்விகள் அந்நூலின் மையத்தில் இல்லை.

ஜான் தெலோஷ் 2005இல் வெளியிட்ட செஞ்சிக் கோட்டை பற்றிய ஆய்வு வேறு வகையானது. மதில்கள், வாயில்கள், களஞ்சியங்கள், குளங்கள், நீர் கொண்டுவரும் அமைப்புகள் ஆகியவற்றை நேரில் அளந்து, எந்தப் பகுதி எக்காலத்தது என்று பிரித்துக் காட்ட முயன்றது. கோட்டையை ஒரு நகரமாகக் கண்டது அதன் சிறப்பு. களஞ்சியம் இருந்தால் அதை நிரப்பிய வயல் இருந்திருக்க வேண்டும். ஆனால் கட்டட ஆய்வு மதிலோடு நின்றுவிடுகிறது.

வெல்செரு நாராயணராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் 1992இல் எழுதிய நாயக்கர் கால ஆய்வு மதுரை, தஞ்சை, செஞ்சி அரசுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. அரசவை இலக்கியத்தையும் வணிக ஆவணங்களையும் சேர்த்துப் படித்த முறை புதியது. ஆனால் மதுரைக்கும் தஞ்சைக்கும் கிடைக்கும் அளவுக்குச் செஞ்சிக்குச் சான்றுகள் கிடைப்பதில்லை. அரசவையை மையமாகக் கொண்ட முறையில், அரசவை இலக்கியம் குறைந்த செஞ்சி இயல்பாகவே ஓரத்துக்குச் சென்றது.

நாடும் நாயக்கரும்

அரசவைக்குக் கீழே என்ன இருந்தது என்பதற்குக் கல்வெட்டாய்வாளர்கள் விடை தேடினர். சோழர் காலத்தில் ஊர், அதற்கு மேல் நாடு, தொண்டை மண்டலத்தில் கோட்டம், சோழ மண்டலத்தில் வளநாடு, எல்லாவற்றுக்கும் மேல் மண்டலம் என அடுக்குகள் இருந்தன. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் புவியியல் ஆய்வு, கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் குறித்து நாடுகளின் பரப்பைக் கண்டது. நாடு என்பது வேளாண் ஊர்களின் கூட்டமாக வளர்ந்தது என்றும், வளநாடு மேலிருந்து அரசு வகுத்தது என்றும் அதனால் தெளிவாயிற்று. கீழிருந்து வளர்ந்த அடுக்கும் மேலிருந்து வரையப்பட்ட அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நின்றன என்பது உள்ளாட்சி ஆய்வுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு.

இதே சான்றுகளிலிருந்து பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வேறு முடிவுக்கு வந்தார். சோழ அரசு கூறுகளாகப் பிரிந்த அரசு, நாடுகள் தன்னாட்சி பெற்றவை, மையப்பகுதிக்கு வெளியே மன்னருக்கு இருந்தது சடங்கு சார்ந்த மேலாண்மை மட்டுமே என்றார். நொபொரு கராஷிமா, சுப்பராயலு, ஆர். சம்பகலட்சுமி முதலியோர் இதை மறுத்தனர். சோழர் கல்வெட்டுகளில் வரும் அதிகாரிகளின் பட்டங்களும் வரித்துறையான புரவுவரித் திணைக்களமும் நாட்டுக்குள் அரசு நுழைந்திருந்ததைக் காட்டின.

இவ்விவாதத்தில் ஸ்டைன் தோற்றார் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இடைநிலை அடுக்கை ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவருடைய பிழை, அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கண்டது. அவரை மறுத்தவர்களிலும் சிலர் மையத்தின் வலிமையை நிறுவுவதில் நின்றுவிட்டனர். நாட்டாரும் அரசு அதிகாரியும் ஒரே ஆவணத்தில் கையெழுத்திடும்போது யார் யாரைப் பயன்படுத்தினார் என்ற கேள்வி இரு தரப்பிலும் போதிய அளவு எழவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்கு எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. பாடநூல்கள் அதை ஊர் மக்களாட்சி என்கின்றன. ஆனால் அது பிராமணர் ஊரின் சபை. அந்த விதிகள் அரச ஆணையின்படி, அரசு அதிகாரி உடனிருக்க இயற்றப்பட்டவை. அது ஓர் அடுக்கின் தன்னாட்சிக்குச் சான்றாவதைவிட, இரண்டு அடுக்குகள் ஒரு மண்டபத்தில் அமர்ந்ததற்கே சிறந்த சான்று.

செஞ்சி வட்டாரத்துக்கு நெருக்கமானது கராஷிமாவின் விஜயநகரக் காலப் பணி. வட தென் ஆர்க்காட்டுப் பகுதிகளின் நாயக்கர் கல்வெட்டுகளை அவர் தொகுத்து ஆராய்ந்தார். நாயக்கர்களின் கீழ் நாட்டாரின் இடம் சுருங்கியதைக் காட்டினார். 1429இல் விருத்தாசலம், எலவானாசூர் முதலிய ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை அவர் விளக்கிய விதம் குறிப்பிடத்தக்கது. வரிக்கொடுமையை எதிர்த்து வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடித் தீர்மானம் செய்த செய்தியை அவை கூறுகின்றன. தம் ஒற்றுமையின்மையைப் பயன்படுத்தியே அதிகாரிகளும் நிலம் பெற்ற படைத்தலைவர்களும் தம்மை வருத்தினர் என்று அம்மக்கள் கண்டறிந்திருந்தனர். மேலடுக்கு கீழடுக்கின் பிளவில் காலூன்றுகிறது என்பதை ஆய்வாளர்களுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே அவர்கள் கல்லில் எழுதிவைத்தனர்.

மாவட்டம் என்னும் களம்

ஆங்கிலேயர் ஆட்சியில் செஞ்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் சேர்ந்தது. கோட்டை தன் இராணுவப் பயனை இழந்தது. 1908இல் வந்த இம்பீரியல் கெசட்டியர் செஞ்சியைத் திண்டிவனம் தாலுகாவில் உள்ள ஒரு மலைக்கோட்டையாகக் குறிப்பிடுகிறது. ஒரு காலத்தில் பேரரசுகள் போரிட்ட இடம் மற்றொரு தாலுகாவின் பகுதியாகிவிட்டது.

1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டம் மாவட்டம், தாலுகா, யூனியன் என மூன்று அடுக்கு வாரியங்களை உருவாக்கியது. 1934இல் தாலுகா வாரியங்கள் நீக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் மாவட்ட வாரியங்களுக்குப் பதிலாக ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. 1994ஆம் ஆண்டின் சட்டம் மாவட்ட ஊராட்சியை மீண்டும் சேர்த்தது. நூற்றுப்பத்து ஆண்டுகளில் இடைநிலை அடுக்கே அதிகமாகக் கட்டப்பட்டும் இடிக்கப்பட்டும் வந்தது. எவ்வடுக்கில் அரசியல் போட்டி கூர்மையாக இருந்தது என்பதற்கு இதுவே ஒரு குறிப்பு.

இவ்வாரியங்களின் அரசியலைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எழுதினர். டேவிட் வாஷ்புருக்கும் கிறிஸ்டோபர் பேக்கரும் 1976இல் தனித்தனியே வெளியிட்ட சென்னை மாகாண ஆய்வுகள், ஊர்ப் பெருந்தனக்காரர் எவ்வாறு வாரியம் வழியாக மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாகாண அரசியலுக்கும் ஏறினார் என்று காட்டின. அரசு கீழே இறங்க இறங்க, கீழிருந்தவர்கள் மேலே வரவேண்டிய தேவை எழுந்தது என்பது அவர்களின் வாதம். அடுக்குகளின் இணைப்பை நேரடியாக ஆய்வுப்பொருளாக்கிய முதல் பெரும்பணி இது.

இதன் குறை, எல்லாவற்றையும் பதவிப் போட்டியாகவும் ஆதாயக் கணக்காகவும் சுருக்கியது. 1979இல் தபன் ராய்சவுத்ரி இந்த அணுகுமுறையை மனிதரை விலங்குகளாகக் காணும் அரசியல் என்று கடிந்தார். தமிழகத்தைப் பொறுத்தவரை இக்கண்டனம் மேலும் பொருந்தும். பிராமணரல்லாதார் இயக்கமும் சுயமரியாதை இயக்கமும் வாரியப் பதவிகளுக்கான சண்டைகள் மட்டுமாக இருந்திருந்தால் அவை பதவி இல்லாதவர்களிடம் பரவியிருக்கா. எம்.எஸ்.எஸ். பாண்டியன் முதலியோரின் பிற்கால ஆய்வுகள் கருத்தியலுக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுத்தன. ஆனால் அவ்வாறு கொடுக்கும்போது தாலுகாவும் மாவட்ட வாரியமும் மீண்டும் பார்வையிலிருந்து மறைந்தன.

இரண்டையும் சேர்த்துக் காண வாய்ப்பளிப்பது வன்னியர் அரசியல். லாயிட் ருடால்ஃப், சூசன் ருடால்ஃப் இருவரும் 1967இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதினர். 1949இல் தென்னார்க்காடு மாவட்ட வாரியத் தேர்தலில் கிடைத்த வெற்றி சாதிச் சங்கத்தைக் கட்சியாக்கும் துணிவைத் தந்தது. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும், எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சியும் தோன்றின. 1952 சட்டமன்றத் தேர்தலில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. தனிப்பெரும்பான்மை இல்லாத காங்கிரஸ் அமைச்சரவை அமைக்க இவ்விடங்கள் தேவைப்பட்டன. மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். ஒரு மாவட்ட வாரியத் தேர்தலின் விளைவு மூன்று ஆண்டுகளில் சென்னைக் கோட்டையை எட்டியது. சாதி, கட்சி, நிர்வாக அடுக்கு மூன்றையும் பிரிக்காமல் எழுதினால் மட்டுமே இந்நிகழ்வு விளங்கும்.

ஊர் ஆய்வுகள்

தென்னார்க்காடு தமிழக ஊர் ஆய்வுகளில் தனி இடம் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில ஊர்களை ஆய்வு செய்தார். அவற்றுள் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு. அவ்வூர் 1930களிலும் 1960களிலும் 1980களிலும் மீண்டும் ஆராயப்பட்டது. எஸ். குகனும் ஜோன் மென்சரும் 1983இல் எழுதினர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2008 வரையிலான மாற்றத்தை 2010இல் எழுதினர். ஒரே ஊர் ஏறத்தாழ நூறாண்டு தொடர்ந்து கவனிக்கப்படுவது உலக அளவிலும் அரிது.

பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கம் தளர்ந்ததும், உழவு அல்லாத வேலைகள் பெருகியதும், அரசின் நலத்திட்டங்கள் உழைப்பாளரின் சார்புநிலையைக் குறைத்ததும் இவ்வாய்வுகளின் வழி தெரியவந்தன. இங்கே ஒரு முரண் உள்ளது. ஊரை மாற்றிய காரணங்களுள் பல ஊருக்கு வெளியிலிருந்து வந்தவை. நியாயவிலைக் கடையும் ஓய்வூதியமும் சென்னையில் முடிவு செய்யப்பட்டு, மாவட்டத்தில் பகிரப்பட்டு, வட்டத்தில் பட்டியலிடப்பட்டு ஊருக்கு வருகின்றன. அப்பட்டியலில் யார் பெயர் ஏறியது, யார் பெயர் விடுபட்டது என்பதைத் தீர்மானித்த இடத்தை ஊர் எல்லைக்குள் நின்று பார்க்க முடியாது.

ஆந்த்ரே பெத்தேல் தஞ்சை மாவட்டத்தின் ஸ்ரீபுரம் பற்றி 1965இல் வெளியிட்ட நூல் இதை முன்னரே உணர்ந்திருந்தது. பஞ்சாயத்துத் தலைவரின் வலிமை அவரது நிலத்திலிருந்தோ சாதிப் படிநிலையிலிருந்தோ மட்டும் வரவில்லை, ஊருக்கு வெளியே உள்ள கட்சித் தலைவர்களுடனான தொடர்பிலிருந்தும் வருகிறது என்றார் அவர். எஃப்.ஜி. பெய்லி 1963இல் ஒரிசா பற்றி எழுதிய நூலையே ஊர், தொகுதி, மாநிலம் என மூன்று அடுக்காக அமைத்தார். அடுக்குகளுக்கு இடையே நிற்கும் தரகரை அதன் முக்கியமான பாத்திரமாக்கினார்.

தமிழக ஊர்களில் அப்பாத்திரத்தை நெடுங்காலம் வகித்தவர் கர்ணம். அடங்கலும் சிட்டாவும் அவர் கையில் இருந்தன. அரசு ஊரைக் கண்டது அவர் எழுத்தின் வழியாக. ஊர் அரசைக் கண்டதும் அவர் வழியாகவே. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைச் செல்வாக்குடன் இருந்த பகுதிநேர ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. உச்சநீதிமன்றம் 1982இல் அதை ஏற்றது. தமிழக ஊரதிகாரத்தில் இது ஒரு திருப்பம். அந்த அலுவலர் ஊருக்கு வெளியிலிருந்து வருபவர். அவரை மாற்றும் அதிகாரம் மேலே உள்ளது. நிலமும் சாதியும் பற்றிய விவாதங்களுக்கு நடுவே இத்திருப்பம் தனக்குரிய கவனத்தைப் பெறவில்லை.

திரௌபதி வழிபாட்டாய்வு தரும் பாடம்

செஞ்சியில் அடுக்குகளை இணைத்துக் கண்ட முக்கியமான நூல் அரசியலாய்வுத் துறையிலிருந்து வரவில்லை. ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய முதல் தொகுதி, செஞ்சியிலிருந்து குருட்சேத்திரத்துக்குச் செல்லும் பாதையைத் தன் தலைப்பிலேயே கொண்டது. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை அது அவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கண்டது. அரசின் நினைவு ஊர்த் திருவிழாவுக்குள் எவ்வாறு நுழைந்தது, கோட்டை அழிந்த பின்னும் அரசன் கூத்தில் எவ்வாறு தொடர்ந்தான், முத்தால் ராவுத்தர் என்னும் முஸ்லிம் காவல்வீரர் எவ்வாறு கோயிலில் இடம்பெற்றார் என்று அது தேடியது. அதன் வரலாற்று ஊகங்களில் சில தளர்வானவை. கதையைச் சான்றாக எடுக்கும் இடங்கள் உள்ளன. ஆயினும் கோயில், ஊர், நாடு, அரசு ஆகியவற்றைத் தனித்தனி இயல்களாகப் பிரிக்காமல் ஒரு விழாவைப் பின்தொடர்ந்து சென்ற முறை ஆட்சி ஆய்வுக்கும் முன்மாதிரியாகும்.

இன்றைய செஞ்சியின் அடுக்குகள்

இன்று செஞ்சியில் வாழும் ஒருவர் ஒரே நேரத்தில் பல வரைபடங்களுக்குள் இருக்கிறார். நகரம் பேரூராட்சி. சுற்றியுள்ள ஊர்கள் செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் முதலிய ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்தவை. வருவாய்த் துறைக்குத் திண்டிவனம் கோட்டம். ஆட்சியர் அலுவலகம் விழுப்புரத்தில். நாடாளுமன்றத்துக்கோ 2009 முதல் ஆரணித் தொகுதி. ஆரணி இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். செஞ்சி வாக்காளரின் மாவட்டம் ஒன்று, மக்களவைத் தொகுதியின் பெயரும் தலைநகரும் வேறு மாவட்டத்தில்.

ஏரிகளும் இவ்வாறே பிரிந்துள்ளன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறையின் மரபில் வரும் நீர்வளத் துறைக்கு உரியது. அதற்குக் குறைந்தது ஒன்றிய ஏரி. நீர் இப்பிரிவை அறியாது. மேலேரியின் கலிங்கல் வழிந்து கீழேரிக்குச் செல்லும் வாய்க்கால் தூர்ந்துபோனால், அது எத்துறையின் வேலை என்று தீர்மானிப்பதற்குள் ஒரு பருவமழை கடந்துவிடக்கூடும்.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும் 2010ஆம் ஆண்டின் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்தைத் தடுக்கின்றன. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு ஒன்றிய அரசு அமைப்பின் அனுமதி தேவை. கட்டட வரைபட அனுமதிக்குப் பேரூராட்சிக்குச் செல்லும் குடும்பம், தன் வீட்டுக்கான விடை தில்லியில் இருப்பதை அங்கே அறிகிறது. 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ, மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன, பன்னிரண்டாவது செஞ்சி. பாதுகாப்புக்கும் சுற்றுலாவுக்கும் இது நன்மை தரக்கூடும். ஆனால் 1677இல் சிவாஜி கைப்பற்றியது முதல் 1698 வரையிலான இருபதாண்டுக் காலத்தின் பெயரில் உலகம் செஞ்சியை அறியும்போது, நாயக்கர் கால நகரமும் கோன் மரபின் நினைவும் அடிக்குறிப்பாகும் ஆபத்து உள்ளது. எந்த அடுக்கு பெயரிடுகிறதோ அந்த அடுக்கின் வரலாறு முன்னுக்கு வருகிறது.

தேர்தல் இல்லாத ஐந்தாண்டுகள்

அடுக்குகளின் இணைப்பை ஆராயாததால் என்ன தவறிப்போகும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. தமிழக உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டால் ரத்து செய்தது. பின்னர் வார்டு மறுவரையறை நீண்டது. 2019இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அவ்வாண்டு டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, பிரிக்கப்பட்ட மாவட்டங்களிலும் அவை பிரிந்த தாய் மாவட்டங்களிலுமாக ஒன்பதில் நடக்கவில்லை. விழுப்புரம் அவற்றுள் ஒன்று. அங்கு 2021 அக்டோபர் 6, 9 நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, செஞ்சி வட்டார ஊராட்சிகள் ஐந்தாண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இன்றித் தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. ஒரு முழுப் பதவிக்காலம் இல்லாமலே போயிற்று. இதற்குச் செஞ்சி ஊர்களில் எக்காரணமும் இல்லை. காரணங்கள் சென்னையிலும் தில்லியிலும் நீதிமன்றங்களிலும் மாவட்டப் பிரிவினைக் கோப்பிலும் இருந்தன. இக்காலத்தைப் பற்றி ஊருக்குள் மட்டும் நின்று எழுதும் ஆய்வாளர் மக்களின் ஆர்வமின்மையைக் காண்பார். சட்டத்தை மட்டும் படிப்பவர் 73ஆம் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தலை உறுதி செய்வதைக் காண்பார். இருவருடைய குறிப்பிலும் உண்மை நிகழ்வு இராது. தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு சுற்றுத் தலைமைப் பதவிகள் இழக்கப்பட்டதும் அக்குறிப்புகளில் இடம்பெறாது.

தேர்தல் நடந்த பின்னும் சிக்கல் அடுக்குகளுக்கு இடையிலேயே உள்ளது. 1994ஆம் ஆண்டின் சட்டப்படி ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஒதுக்கீட்டால் தலைவரானவரைக் கையொப்பம் மறுத்து முடக்கும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளது. மாவட்ட ஆட்சியர் ஊராட்சிகளின் ஆய்வாளர். தலைவரை நீக்கும் நடவடிக்கையை எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்தவரை மக்கள் தேர்ந்தெடுக்காதவர் நீக்க முடியும். அதே ஆட்சியரிடமே ஒடுக்கப்பட்ட தலைவர் பாதுகாப்புத் தேடியும் செல்கிறார். மேலடுக்கு ஒரே நேரத்தில் அச்சுறுத்தலாகவும் புகலிடமாகவும் உள்ளது.

அடுக்குகளைக் கடந்து ஏறுவோரும் உண்டு. செஞ்சி ந. ராமச்சந்திரன் 1999இல் திண்டிவனம் மக்களவை உறுப்பினராகி, ஒன்றிய இணை அமைச்சரானார். கே.எஸ். மஸ்தான் செஞ்சிப் பேரூராட்சித் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். 2016இல் சட்டமன்றத்துக்குச் சென்று, 2021இல் மாநில அமைச்சரானார். இத்தகைய பயணங்களைத் தனிமனித வாழ்க்கைக் குறிப்புகளாக எழுதுவதோடு நிற்காமல், உள்ளூர் அனுபவமும் கட்சி அமைப்பும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்குகின்றன என்று ஆராய இடமுள்ளது.

கோட்பாட்டின் பயனும் எல்லையும்

பல அடுக்கு ஆளுகை என்னும் கருத்தை 1990களின் தொடக்கத்தில் கேரி மார்க்ஸ் ஐரோப்பிய ஒன்றியத்தை ஆராயும்போது முன்வைத்தார். தேசிய அரசு மட்டுமே முடிவெடுப்பதில்லை, மேலும் கீழும் உள்ள அமைப்புகள் பேசி முடிவெடுக்கின்றன என்பது அதன் சாரம். இந்திய உள்ளாட்சி ஆய்வுகளிலும் இச்சொல் புழங்குகிறது. ஆனால் பேச்சுவார்த்தைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஓரளவு சொந்த வலிமை இருப்பதாக அக்கருத்து கொள்கிறது. அரசியலமைப்பின் பதினொன்றாம் அட்டவணை 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியனவாகப் பட்டியலிடுகிறது. அவற்றுக்கான பணமும் பணியாளரும் பெரும்பாலும் துறைகளிடமே உள்ளன. பட்டியல் கையில் இருந்து பணப்பை வேறிடத்தில் இருக்கும்போது அது பேச்சுவார்த்தை ஆகாது. மனு கொடுத்தலே ஆகும்.

இன்னொரு எல்லையும் உண்டு. அடுக்குகளின் இணைப்பை மட்டும் தேடிச் செல்லும் ஆய்வு, ஊருக்குள்ளேயே நடக்கும் அடக்குமுறையை மறந்துவிடக்கூடும். சேரிக்குச் செல்லும் பாதை மறுக்கப்படுவதற்கு மாவட்டமோ மாநிலமோ காரணமல்ல. ஆனால் அந்த மறுப்பு நீடிப்பதற்கு வட்ட அலுவலகத்தின் மௌனம் காரணமாக இருக்கலாம். ஊர் ஆய்வின் நெருக்கம் குறையாமல் மேலே செல்லும் பாதையையும் காண்பதே தேவை.

மதிப்பீடு

செஞ்சி பற்றிய ஆய்வுமரபு வளமானது. சீனிவாசாச்சாரி ஆட்சியாளர்களை வரிசைப்படுத்தினார். தெலோஷ் கல்லை வாசித்தார். சுப்பராயலுவும் கராஷிமாவும் இடைநிலை அடுக்கைக் கல்வெட்டுகளிலிருந்து மீட்டனர். வாஷ்புருக்கும் பேக்கரும் வாரியங்களின் ஏணியைக் காட்டினர். இருவேல்பட்டு ஆய்வுகள் ஊரின் நூற்றாண்டைப் பதிவு செய்தன. இவை ஒன்றையொன்று வாசிக்கவில்லை என்பதே குறை.

அக்குறையைத் தீர்க்க இனிவரும் மாணவர் பெரிய கோட்பாட்டைத் தேட வேண்டியதில்லை. ஒரு மனுவை, ஓர் ஏரியின் தூர்வாரும் பணியை, ஒரு கட்டட அனுமதியை எடுத்துக்கொண்டு, அது ஊரிலிருந்து ஒன்றியத்துக்கும், வட்டத்துக்கும், விழுப்புரத்துக்கும், சென்னைக்கும், தில்லிக்கும் சென்று திரும்பும் வழியைப் பின்தொடரலாம். எந்த மேசையில் அது நின்றது, யார் சொல்லி நகர்ந்தது, யார் அதைக் கேட்கவே துணியவில்லை என்று குறித்துக்கொண்டால் அதிகாரம் இருக்கும் இடம் தெரியும். தேஜ் சிங்குக்கும் சாதத்துல்லா கானுக்கும் இடையே முடிவாகாத கேள்வி இன்றும் அதே ஊரில் வேறு காகிதங்களில் எழுதப்பட்டுக் கொண்டிருக்கிறது. அன்று அது கோட்டைக்காக எழுந்தது. இன்று ஒரு வீட்டுக்கும் ஒரு வாய்க்காலுக்கும் ஒரு வாக்குக்கும் எழுகிறது.